மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஏழு மீட்டர்

ஆடி மாதம் மூன்றாவது வாரம், காலை மணி 10:10. நான் தனியாக ஓட்டி வந்த செஸ்னா 172 பயிற்சி விமானம், டவரின் அனுமதி இல்லாமல் ரன்வேக்கு முன்னால் இருக்கும் மஞ்சள் கோட்டைத் தாண்டிப் போய் நின்றது. முன்சக்கரம் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஏழு மீட்டரில் இருந்ததாகப் பிறகு அளந்து சொன்னார்கள். அதே ரன்வேயில் இறங்க ஓர் ஏடிஆர் பயணிகள் விமானம் இரண்டு மைலுக்குள் வந்துவிட்டிருந்தது. டவர் அதை மேலே திருப்பி அனுப்பியதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்கு 73 நாளும், 2 லட்சத்து 79 ஆயிரத்து 500 ரூபாயும் போனது. எந்த ஏர்போர்ட், எந்தப் பயிற்சிப் பள்ளி என்று எழுதப் போவதில்லை. கொங்கு நாட்டுக்குள்தான், அது போதும். அங்கே இருந்தவர்கள் அவரவர் வேலையைச் சரியாகச் செய்தார்கள். பிழை என் காலிலும் என் கண்ணிலும் இருந்தது. பறக்கக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு வானத்தில் நடப்பதைப் பற்றி மணிக்கணக்காகச் சொல்லித் தருகிறார்கள். தரையில் ஓட்டுவதைப் பற்றி அரை மணிநேரம் சொன்னால் அதிகம். அந்த மீதிப் பாடத்தை நான் காசு கொடுத்துக் கற்றேன், அதனால் எழுதுகிறேன்.

அன்றைய பயணம் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு 200 மணிநேரம் பறந்திருக்க வேண்டும். அதற்குள் 300 நாட்டிக்கல் மைலுக்குக் குறையாத ஒரு பயணம், வழியில் இரண்டு வேறு ஏர்போர்ட்டில் முழுதாக இறங்கி நின்று கிளம்புவது, கட்டாயம். நான் செய்துகொண்டிருந்தது அதைத்தான். இரண்டாவது நிறுத்தத்தில் இறங்கி, டீ கூடக் குடிக்காமல் திரும்பக் கிளம்பினேன். அவசரத்துக்குக் காரணம் காற்று. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் இருக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று புகுந்து வருவது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பது அதனால்தான். ஆடியில் காலை ஒன்பது வரை கொஞ்சம் அடங்கியிருக்கும், பத்துக்கு மேல் தூக்கிக்கொள்ளும். அன்றைக்கு 14 நாட் (மணிக்கு 14 நாட்டிக்கல் மைல்), இடையிடையே 20 வரை வீசிக்கொண்டிருந்தது. இன்னும் அரை மணி தாமதித்தால் தனியாகப் பறக்க எனக்கு விதித்திருந்த வரம்பைத் தாண்டிவிடும், அங்கேயே மாட்டிக்கொள்வோம் என்ற எண்ணம் என்னைத் தள்ளிக்கொண்டே இருந்தது.

விமானங்கள் நிற்கும் ஏப்ரனிலிருந்து, ரன்வேக்குப் போகும் டாக்ஸிவேயில் வந்து, ரன்வேக்குச் செங்குத்தாகப் போகும் இணைப்பில் திரும்பினேன். "ஹோல்ட் ஷார்ட் ஆஃப் ரன்வே, ஏடிஆர் ஆன் ஃபைனல்" என்று டவர் சொன்னது. ரன்வேக்கு முன்னாலேயே நில், ஏடிஆர் நேராக இறங்க வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். நானும் அதையே திருப்பிச் சொல்லி, என் விமானத்தின் அழைப்புப் பெயரான கால்சைனையும் சொன்னேன். வாயால் சொன்னதில் ஒரு குறையும் இல்லை. கோட்டுக்கு ஐந்து மீட்டர் முன்னால் நிறுத்தினேன். ஏடிஆர் இறங்கும் நேரத்தில் இன்ஜின் ரன்-அப்பை முடித்துவிட்டால் உடனே கிளம்பலாம் என்று கணக்குப் போட்டேன். ரன்-அப் என்பது, கிளம்புமுன் இன்ஜினை 1800 ஆர்பிஎம்முக்கு ஏற்றி, இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் இரண்டு மேக்னட்டோவையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பது. 172 எஸ் மாடலில் ஒன்றை அணைத்தால் 150 ஆர்பிஎம்முக்கு மேல் இறங்கக் கூடாது, இரண்டுக்கும் நடுவில் 50-க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. பிறகு சக்ஷன், அம்மீட்டர், ஆயில் டெம்பரேச்சர், ஆயில் பிரஷர். நிதானமாகச் செய்தால் நாற்பது ஐம்பது நொடி. அந்த நேரம் முழுக்க என் கண் டேஷ்போர்டில் இருந்தது. விமானம் நத்தை மாதிரி முன்னால் நகர்ந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை.

ஏன் நகர்ந்தது என்பதுதான் நீங்கள் அறிந்துகொள்ள வேண்டியது. பார்க்கிங் பிரேக் போட்டிருந்தேன் என்று நம்பினேன். 172-இல் அதைப் போடும் முறை, முதலில் இரண்டு ரட்டர் பெடலின் மேல்நுனியையும் (பிரேக் அங்கேதான்) பாதத்தால் அழுத்திப் பிடித்து, அப்படியே டேஷுக்குக் கீழே இருக்கும் கைப்பிடியை இழுத்து, கீழ்நோக்கி 90 டிகிரி திருப்புவது. நான் பெடலைச் சரியாக அழுத்தாமல் கைப்பிடியை மட்டும் இழுத்தேன். திருப்பியதும் முழுதாக இல்லை. இன்ஜின் ஐடிலில் சுற்றும்போது அந்தப் பாதிப் பிடி போதுமானதாகத் தெரிந்தது. 1800-க்கு ஏற்றியதும் போதவில்லை. நொடிக்கு ஒரு சாண், ஒன்றரைச் சாண் நகர்ந்தாலும் நாற்பது நொடியில் பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆகிவிடும். சரியாகப் போட்டாலுமே, பள்ளிக்கூட விமானங்களில் எத்தனையோ கால் மிதித்துத் தேய்ந்த பிரேக்குகள் அவை. பார்க்கிங் பிரேக்கை நம்பி ரன்-அப் செய்யவே கூடாது. இரண்டு பாதமும் பெடலின் மேல்நுனியில் அழுத்தியபடி இருக்க வேண்டும். அழுத்துகிற முன்பாதம் வலிக்க வேண்டும், அந்த அளவுக்கு. டேஷில் ஒரு மானியைப் பார்த்தால் அடுத்த பார்வை வெளியே, பக்கவாட்டில். முன்னால் பார்த்தால் நகர்வது தெரியாது. இடது ஜன்னல் வழியாகப் புல்லையோ டாக்ஸிவே ஓர விளக்கையோ பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

இடத்தையும் நான் தவறாகத் தேர்ந்தேன். ரன்-அப்பைக் கோட்டுக்குப் பக்கத்தில் செய்ய வேண்டிய தேவையே இல்லை. ஏப்ரனிலேயே பின்னால் யாரும் இல்லாத இடத்தில், டவரிடம் சொல்லிவிட்டு, மூக்கைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி வைத்துச் செய்யலாம். மூக்குக் காற்றைப் பார்த்து நின்றால் இன்ஜினும் குளிர்ச்சியாக இருக்கும், விமானமும் ஆடாது. நான் நின்ற இணைப்பில் காற்று பக்கவாட்டில் அடித்தது. காற்று அடிக்கும் பக்கம் மூக்குத் திரும்பப் பார்க்கும், அதைச் சமாளிக்க ஒரு பெடலைக் கூடுதலாக மிதிப்போம், மற்றக் கால் தளர்ந்துவிடும். ஏப்ரனில் இடம் இல்லை என்றால், கோட்டுக்கு மூன்று நான்கு விமான நீளமாவது பின்னால் நில்லுங்கள். 172-இன் நீளம் 8.28 மீட்டர், ஆக 25 முதல் 33 மீட்டர். நான் விட்டிருந்த இடைவெளி ஒரு விமான நீளம் கூட இல்லை.

அந்தக் கோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரன்வேயின் மேல் இருக்கும் கோடும் எண்ணும் வெள்ளை. டாக்ஸிவேயில் எல்லாம் மஞ்சள். நாம் நிற்க வேண்டிய இடத்தில் குறுக்கே நான்கு மஞ்சள் கோடுகள். டாக்ஸிவே பக்கம் இரண்டு முழுக் கோடு, ரன்வே பக்கம் இரண்டு விட்டுவிட்டுப் போட்ட கோடு. முழுக் கோடு உங்கள் பக்கம் இருந்தால் அனுமதி இல்லாமல் தாண்டக் கூடாது. விட்டுவிட்டுப் போட்டது உங்கள் பக்கம் இருந்தால் நீங்கள் ரன்வேக்குள் இருந்து வெளியே வருகிறீர்கள், தாண்டித்தான் ஆக வேண்டும். அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. மூக்கு மட்டும் வெளியே வந்து, வால் கோட்டுக்கு உள்ளே இருந்தால் ரன்வே காலியாகவில்லை என்றுதான் கணக்கு. இறங்கி வெளியே வந்ததும் அங்கேயே நின்று ஃபிளாப்பை ஏற்றி, லைட்டை அணைத்துக்கொண்டிருக்கும் பழக்கம் எல்லோருக்கும் இருக்கிறது. வால் முழுதாகத் தாண்டும் வரை ஓட்டிப்போய், அப்புறம் நின்று செய்யுங்கள். ஐஎல்எஸ் (ரேடியோ சிக்னலால் இறங்க வழிகாட்டும் கருவி) வைத்து இறங்கும் பெரிய ரன்வேக்களில் இந்தக் கோடு ரன்வே நடுக்கோட்டிலிருந்து 90 மீட்டர் தள்ளி இருக்கும். புதிதாக வருகிறவனுக்கு, ரன்வேதான் அவ்வளவு தூரத்தில் இருக்கிறதே, கொஞ்சம் முன்னால் போனால் என்ன என்று தோன்றும். அந்த 90 மீட்டரும் இறங்குகிற விமானத்தின் இறக்கைக்கும், ஓடுபாதையை விட்டு விலகினால் அதற்கு வேண்டிய இடத்துக்கும், ஐஎல்எஸ் சிக்னல் கலங்காமல் இருப்பதற்கும் சேர்த்து வைத்த இடம்.

172-இல் உட்கார்ந்தால் மூக்கு மறைப்பதால் முன்னால் சில மீட்டர் தரை கண்ணுக்கே தெரியாது. கோடு மூக்குக்கு அடியில் மறையும்போது சக்கரம் இன்னும் கோட்டைத் தொட்டிருக்காது. ஆனால் மறைந்த பிறகு எங்கே இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே கோடு கண்ணில் தெரிகிறபோதே நின்றுவிடுங்கள். பக்கத்தில் சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் ரன்வே எண் எழுதியிருக்கும். அந்தப் பலகை கோட்டுக்கு நேராகவே நிற்கும். அது விமானத்தின் மூக்குக்கு முன்னால் தெரியும் வரை நீங்கள் பத்திரம். உங்கள் தோளுக்கு நேராக வந்தால் ஏற்கெனவே தாண்டிவிட்டீர்கள். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து நீங்கள் நிற்கும் இடம், மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து போக வேண்டிய வழி, சிவப்பு மட்டும்தான் கட்டளை. சில இடங்களில் அந்தச் சிவப்புப் பலகைக்குப் பக்கத்தில் இரண்டு மஞ்சள் விளக்கு மாறி மாறி மின்னும். ரன்வே இங்கே இருக்கிறது என்று எச்சரிக்கிற விளக்கு அது. பெரிய ஏர்போர்ட்டுகளில் குறுக்கே தரையில் சிவப்பு விளக்கு வரிசையும் இருக்கும். அது எரிகிறபோது டவரே போகச் சொன்னாலும் போகாதீர்கள், நின்று கேளுங்கள்.

திரும்ப அந்த நிமிடத்துக்கு வருகிறேன். ரன்-அப் முடிந்து தலையைத் தூக்கியபோது சிவப்புப் பலகையைக் காணோம். பின்னால் திரும்பிப் பார்த்தால் இறக்கைக்குப் பின்னால் இருந்தது. "கன்ஃபர்ம் யூ ஆர் ஹோல்டிங் ஷார்ட்" என்று டவர் கேட்டது. உடம்பு சில்லிட்டுப் போனது. நான் எட்டு நொடி பதில் சொல்லவில்லை. பின்னால் தள்ளிப் போய்விட முடியுமா என்று யோசித்தேன். 172-க்கு ரிவர்ஸ் கிடையாது. சுற்றித் திரும்பிவிடலாமா என்றும் யோசித்தேன். 11 மீட்டர் இறக்கையை வைத்துக்கொண்டு அங்கே திரும்பியிருந்தால் ரன்வேயை இன்னும் நெருங்கியிருப்பேன். அந்த எட்டு நொடியைப் பற்றித்தான் இன்றைக்கும் அதிகம் வருந்துகிறேன். 120 நாட் வேகத்தில் வரும் விமானம் ஒரு நாட்டிக்கல் மைலை அரை நிமிடத்தில் கடக்கும். எட்டு நொடி என்றால் கிட்டத்தட்ட 500 மீட்டர். நான் வெட்கப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில் எழுபது பேரைச் சுமந்துகொண்டு அந்த விமானம் அரைக் கிலோமீட்டர் நெருங்கிவிட்டது. டவர் எனக்காகக் காத்திருக்காமல் "கோ அரவுண்ட்" சொன்னது. ஏடிஆர் என் தலைக்கு மேலே மூக்கைத் தூக்கிக்கொண்டு போனது.

உங்களுக்கு இப்படி நடந்தால் செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம். பிரேக்கை முழுதாக மிதித்து அங்கேயே நில்லுங்கள். லேண்டிங் லைட், மின்னும் ஸ்ட்ரோப் விளக்கு எல்லாவற்றையும் போடுங்கள், இறங்குகிறவர் கண்ணுக்காவது தெரியட்டும். டவர் கேட்கும் வரை காத்திருக்காமல், கால்சைனைச் சொல்லி, கோட்டைத் தாண்டி நிற்கிறேன் என்று நேராகச் சொல்லுங்கள். வழவழப்பான ரேடியோ மொழி வேண்டாம், உடைந்த இங்கிலீஷில் சொன்னாலும் பரவாயில்லை. நீங்களாகத் திரும்பவோ, வேகமாக ரன்வேயைக் கடந்துவிடவோ முயலாதீர்கள். டவர் சொல்கிறபடி மட்டும் நகருங்கள்.

டவர் என்னை விமானம் நிறுத்தும் இடத்துக்குத் திரும்பச் சொன்னது. இன்ஜினை அணைத்துவிட்டு அரை மணி இறங்கவே இல்லை. பள்ளியின் தலைமை இன்ஸ்ட்ரக்டருக்குப் போன் செய்தேன். "அடி எதும் படலீங்களே தம்பி? அது போதும். சாவியைக் கையில வெச்சுக்கோங்க, விமானத்தைத் தொடாதீங்க, நாங்க வர்றோம்" என்றார். திட்டவில்லை. எனக்கு அழுகை வந்தது அப்போதுதான். மூன்றரை மணிநேரம் கழித்து இன்னொரு இன்ஸ்ட்ரக்டர் காரில் வந்து விமானத்தை ஓட்டிப்போனார், நான் அந்தக் காரில் திரும்பினேன். அனுமதியில்லாமல் விமானமோ வண்டியோ ஆளோ ரன்வேயின் பாதுகாப்பு எல்லைக்குள் இருந்தாலே அது ரன்வே இன்கர்ஷன், மோதல் நடந்திருக்க வேண்டியதில்லை. அதை மறைக்க வழியும் இல்லை, மறைக்கவும் கூடாது. விசாரணை முடிந்து, மறுபயிற்சி முடிந்து, செக் ஃபிளைட்டில் தேறும் வரை பறக்கக் கூடாது என்றார்கள். அதுதான் 73 நாள்.

காசுக் கணக்கைத் தெளிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் யாரும் இதைச் சொல்வதில்லை. தோட்டத்துப் பத்திரத்தை பேங்கில் வைத்து 35 லட்சம் வாங்கியிருந்தோம், 11 சதவீத வட்டி. பறந்தாலும் பறக்காவிட்டாலும் வட்டி ஓடும். 73 நாளுக்கு 77,000. ஹாஸ்டலும் சாப்பாடும் 29,000. விமானத்தைத் திருப்பிக் கொண்டுபோக 1.2 மணிநேரம், மணிக்கு 15,000 வீதம் 18,000, கார் 5,500. மறுபயிற்சி ஐந்து மணிநேரம் 75,000. செக் ஃபிளைட் ஒன்றரை மணிநேரம் 22,500. அன்றைய பயணம் பாதியில் நின்றதால் நான் ஓட்டிய நேரம் லாக் புக்கில் ஏறினாலும் 300 மைல் பயணமாக எண்ணப்படவில்லை. அதை முதலிலிருந்து செய்ய மூன்றரை மணிநேரம், 52,500. பயிற்சிக்குக் கிளம்புகிறவர்கள் 200 மணிநேரத்துக்கு மட்டும் கணக்குப் போட்டுக் கடன் வாங்காதீர்கள். இருபது மணிநேரத்துக்காவது கூடுதலாகக் கையில் வையுங்கள். என்னைப் போல் தவறு செய்யாவிட்டாலும் மழை, விமானம் ரிப்பேர் என்று எதுவும் வரலாம். கடன் தவணை தொடங்கும் தேதி பயிற்சி முடியும் தேதிக்கு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும் கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்.

எழுத்தில் தரவேண்டிய அறிக்கையில் நான் செய்த ஒரு சிறு பிழை பத்து நாளை விழுங்கியது. எல்லா நேரத்தையும் கைக்கடிகாரத்தைப் பார்த்து இந்திய நேரத்தில் எழுதிவிட்டேன். டவரின் பதிவு யூடிசி என்கிற உலகப் பொது நேரத்தில் இருக்கும். நமக்கும் அதற்கும் ஐந்தரை மணிநேர வித்தியாசம், 10:10 என்பது அங்கே 04:40. ஓரிடத்தில் கழித்து, ஓரிடத்தில் கழிக்க மறந்து, என் அறிக்கைக்குள்ளேயே நேரங்கள் ஒத்துப் போகவில்லை. திருப்பி அனுப்பினார்கள். அன்றைக்கே, அந்த இடத்திலேயே, நினைவு கலங்குமுன் எழுதிவிடுங்கள். எல்லா நேரமும் யூடிசியில். டவர் என்ன சொன்னது, நீங்கள் என்ன திருப்பிச் சொன்னீர்கள், விமானம் எங்கே நின்றது, கால் எங்கே இருந்தது, கண் எங்கே இருந்தது. நினைவில்லாததை நினைவில்லை என்றே எழுதுங்கள். தொடையில் கட்டிக்கொள்ளும் எழுதுபலகையில் (நீபோர்டு) கிறுக்கிய தாளைக் கிழித்துப் போடாதீர்கள், என் பக்கம் நேரத்துக்குச் சாட்சியாக இருந்தது அந்தத் தாள்தான். இன்னொருவர் எழுதிக் கொடுத்ததில் கையெழுத்துப் போடாதீர்கள்.

சும்மா இருந்த நாட்களில் இதைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்தேன். 1977 மார்ச் 27 அன்று டெனரிஃபில், பனிமூட்டத்தில், இரண்டு ஜம்போக்கள் ஒரே ரன்வேயில் மோதி 583 பேர் இறந்தார்கள். கிளம்பிய பிறகு போகவேண்டிய வழியைப் பற்றிய அனுமதியில் "டேக் ஆஃப்" என்ற சொல்லும் இருந்தது, கிளம்பவே அனுமதி கிடைக்காத ஜம்போ ஒன்று அதைக் கேட்டுக் கிளம்பிவிட்டது. அதற்குப் பிறகுதான் அந்தச் சொல்லை உண்மையிலேயே கிளம்ப அனுமதிக்கும்போது மட்டும் பயன்படுத்த வேண்டும், மற்ற இடத்தில் "டிபார்ச்சர்" என்றே சொல்ல வேண்டும் என்ற வழக்கம் உறுதியானது. 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில், கடலோரக் காவல்படை விமானத்துக்கு டவர் சொன்னது, நீங்கள் "நம்பர் ஒன்", ஹோல்டிங் பாயின்டுக்கு (ரன்வேக்கு முன்னால் நிற்க வேண்டிய இடத்துக்கு) போங்கள் என்று. அது ரன்வேக்குள்ளே போய் நின்றது. பின்னால் இறங்கிய ஏர்பஸ் அதன்மேல் மோதியது. சின்ன விமானத்தில் ஆறில் ஐந்து பேர் இறந்தார்கள், ஏர்பஸ்ஸில் இருந்த 379 பேரும் எரியும் விமானத்திலிருந்து தப்பினார்கள். அனுபவம் உள்ளவர்களுக்கே இப்படி. "நம்பர் ஒன்" என்றால் வரிசையில் முதல் ஆள், அவ்வளவுதான். ரன்வேக்குள் போகச் சொல்லும் சொல் "லைன் அப் அண்ட் வெயிட்". கிளம்பச் சொல்வது "கிளியர்ட் ஃபார் டேக் ஆஃப்". இந்த இரண்டில் ஒன்று, உங்கள் கால்சைனோடும் ரன்வே எண்ணோடும், காதில் விழாதவரை கோட்டுக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள். பதிலுக்கு "ரோஜர்" போதாது. ஹோல்ட் ஷார்ட், க்ராஸ், லைன் அப், பேக்ட்ராக் (ரன்வேயிலேயே எதிர்த்திசையில் ஓட்டிப்போவது), எதுவாக இருந்தாலும் எண்ணோடு முழுதாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால் "சே அகெய்ன்" கேளுங்கள். மூன்றாவது தடவை கேட்டாலும் யாரும் கோபிக்க மாட்டார்கள். கோபித்தாலும் பரவாயில்லை.

புதிய ஏர்போர்ட்டுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் ராத்திரி ஏஐபியில் (விமானத் தகவல் தொகுப்பில்) இருக்கும் அந்த ஏர்போர்ட்டின் படத்தைப் பெரிதாக அச்செடுத்து, இறங்கி எந்த இணைப்பில் வெளியே வருவேன், எந்த இடத்தில் நிறுத்துவேன், திரும்ப எந்த வழியில் போவேன் என்று பேனாவால் வரைந்து பாருங்கள். ஹாட் ஸ்பாட் என்று வட்டம் போட்ட இடம் இருந்தால் அங்கே ஏற்கெனவே பிழை நடந்திருக்கிறது அல்லது நடக்கும் வாய்ப்பு உண்டு என்று பொருள். விமானிகளுக்கான அன்றைய அறிவிப்பான நோட்டாமில் எந்த டாக்ஸிவே மூடியிருக்கிறது என்று பார்த்து, படத்தில் அதை அடித்துவிடுங்கள். கோயமுத்தூர்ப் பக்கம் பறக்கிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். பீளமேட்டிலும் 05/23, அங்கிருந்து கிழக்கே பக்கத்திலேயே இருக்கும் சூலூர் விமானப் படைத் தளத்திலும் 05/23. திசை ஒன்று, எண்ணும் ஒன்று. மேலிருந்து பார்த்து ரன்வே எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்தால் தவறான வீட்டுக்குள் போய்விடுவீர்கள். சேலம் காமலாபுரத்தில் அது 04/22. டாக்ஸியில் போகும்போது செக்லிஸ்ட் படிக்காதீர்கள், ரேடாருக்கு நம்மை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரின் எண் மாற்றாதீர்கள். செய்ய வேண்டியிருந்தால் நின்று செய்யுங்கள்.

ஆடிக் காற்றில் தரையில் ஓட்டுவது தனிப் பாடம். காற்று முன்பக்கம் ஒரு ஓரத்திலிருந்து வந்தால் கண்ட்ரோல் வீலைக் காற்று வரும் பக்கமே திருப்புங்கள், வாலில் இருக்கும் எலிவேட்டர் நேராக இருக்கட்டும். பின்பக்க ஓரத்திலிருந்து வந்தால் காற்றுக்கு எதிர்ப்பக்கம் திருப்பி, முன்னால் தள்ளிப் பிடியுங்கள். 172 உயர்ந்த இறக்கை, மூன்று சக்கரம். பின்னாலிருந்து தூக்கினால் ஒரு இறக்கைநுனி தரையைத் தட்டிவிடும். முதுகில் காற்று இருக்கும்போது ஐடிலிலேயே வேகம் ஏறும். பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே போகாமல், ஒரு தடவை நன்றாக மிதித்துக் குறைத்து, விட்டு, மறுபடி மிதியுங்கள். தேய்த்துச் சூடேறிய பிரேக்தான் ரன்-அப்பில் கைவிடும். எனக்கும் அன்றைக்கு அதில் ஒரு பங்கு இருந்திருக்கும் என்று பின்னால் பிரேக்கைப் பார்த்த மெக்கானிக் சொன்னார்.

ஏப்ரனில் ஏடிஆர் பக்கத்தில் நின்றால் கவனம். ப்ரொபெல்லர் நின்றிருப்பதால் இன்ஜினும் நின்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். கரண்ட்டுக்காகவும் ஏசிக்காகவும் வலப்பக்க இன்ஜினை ஓடவிட்டு, ப்ரொபெல்லரை மட்டும் பிரேக் போட்டு நிறுத்தும் வழக்கம் அதில் உண்டு, ஹோட்டல் மோட் என்பார்கள். பின்னால் சூடான காற்று வந்துகொண்டே இருக்கும். சிவப்பு பீக்கன் மின்னினால் அருகில் போகக் கூடாது. நம் விமானத்தில் ஸ்டார்ட் செய்யுமுன் விமானத்தை இழுக்கும் டோ பார் கழற்றியாயிற்றா, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த சாக் எடுத்தாயிற்றா, வேகம் அளக்கும் பிட்டாட் குழாயின் கவர் கையில் இருக்கிறதா என்று நடந்து போய்த் தொட்டுப் பாருங்கள். உள்ளே உட்கார்ந்து யோசித்தால் எல்லாமே எடுத்தது போலத்தான் இருக்கும். சாவி ஆஃபில் இருந்தாலும் ப்ரொபெல்லரைக் கையால் சுற்றாதீர்கள். மேக்னட்டோவின் எர்த் வயர் அறுந்திருந்தால் கை போய்விடும்.

இன்னொன்று, மயில். நம் பக்கத்துக் காடு தோட்டமெல்லாம் மயில் பெருகிவிட்டது, ரன்வே ஓரப் புல்லுக்கும் வரும். காலையிலும் சாயங்காலமும் அதிகம். நாய் கூட சத்தத்துக்கு ஓடும். மயில் கடைசி நொடி வரை நின்றுவிட்டு, அப்புறம் மெதுவாக எழும்பிக் குறுக்கே வரும். பார்த்தால் டவரிடம் இடத்தைச் சொல்லுங்கள், வண்டி அனுப்பி விரட்டுவார்கள். நீங்களே விரட்டிவிடலாம் என்று கிளம்பாதீர்கள்.

73 நாள் கழித்து அதே ஏர்போர்ட்டுக்குத் தனியாகப் போனபோது ரன்-அப்பை ஏப்ரனில் முடித்துவிட்டு, கோட்டுக்கு முப்பது மீட்டர் பின்னால் நின்றேன். இரண்டு கால் மேல்நுனியிலும் இருந்தது. அனுமதி வந்த பிறகும் இடது பக்கம் ஃபைனல், வலது பக்கம் ரன்வேயின் மறுகோடி, அப்புறம் மறுபடி ஃபைனல் என்று மூன்று முறை பார்த்தேன். பலகையில் இருக்கும் எண், டவர் சொன்ன எண், ரன்வேயில் எழுதியிருக்கும் எண், மூன்றையும் வாய்விட்டுச் சொன்னேன். லைன் அப் ஆனதும் காம்பஸைப் பார்த்தேன். 23 என்றால் 230 டிகிரிக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும், இல்லையென்றால் தவறான ரன்வேயில் நிற்கிறோம். இவ்வளவுக்கும் பதினைந்து நொடிதான் ஆகிறது.